ஓட்டத் துப்பாக்கி வெடிக்காததற்கான காரணங்கள்

எங்கள் கல்லூரியில் ஒரு ரிவால்வர் இருக்கிறது. இதைச் சொன்னவுடன் வெளியூர்க்காரர்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள். அதனால் அது ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கிற ரிவால்வர் என்பதையும், அதன் குழலைச் செய்யும்போதே இரும்பு வைத்து அடைத்துவிட்டார்கள் என்பதையும், அதில் போடுவது குண்டே இல்லாத வெறுந்தோட்டா என்பதையும் நான் சற்றுத் தாமதமாகச் சொல்வதே வழக்கம்.

கல்லூரி ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவில் இருக்கிறது. மைதானத்தின் ஒரு பக்கம் நெடுஞ்சாலை. மறுபக்கம் ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் குடில்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். ரோஜாக்கள் அமைதியாக இருக்கும். நடுவில் நாங்கள் பொறியியல் படிக்கிறோம். விளையாட்டுக் குழுவின் இணைச் செயலாளர் நான். எனக்கு எந்த விளையாட்டும் தெரியாது. இணைச் செயலாளருக்கு வருகைப் பதிவில் சலுகை உண்டு என்பது மட்டும் தெரியும்.

இந்த வருடம் மண்டலத் தடகளப் போட்டியை நடத்தும் பொறுப்பு எங்கள் கல்லூரிக்கு வந்தது. பெண்கள் நூறு மீட்டரில் முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள். எங்கள் ஆஃப்ஷீன் போன வருடம் மூன்றாவது. அதற்கு முந்தின வருடமும் மூன்றாவது. மூன்றாவதாக வருபவர்களுக்கு ஒரு சிறிய கோப்பை தருவார்கள். விடுதி அறையில் அவள் ஒரு கோப்பையில் பேனாக்களையும் இன்னொன்றில் டூத்பிரஷ்ஷையும் வைத்திருந்தாள். மூன்றாவது கோப்பை வந்தால் அதில் என்ன வைப்பது என்று கூட ஓடுகிற தோழி ஜெபசீலி ஒருநாள் கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க ஆஃப்ஷீனோடு பேச முடியாமல் தவித்தாள். இருவருக்கும் அது கடைசி வருடம்.

ஆஃப்ஷீனின் ஓட்டத்தில் குறையே கிடையாது. கிளம்புவதில்தான் குறை. துப்பாக்கி வெடித்ததும் மற்றவர்கள் ஓடுவார்கள். இவள் வெடித்ததா என்று ஒருமுறை மனதுக்குள் உறுதி செய்துகொண்டு ஓடுவாள். காவேரிப்பட்டினத்தில் மாம்பழ மண்டி வைத்திருக்கிற அவள் அத்தா அக்பர் பாஷாவும் அப்படித்தான் என்று அவளே சொல்வாள். ஏலத்தில் எல்லாரும் கேட்டு முடித்த பிறகுதான் அவர் கையைத் தூக்குவாராம்.

உடற்கல்வி இயக்குநர் ஜேம்ஸ் சார் இதைச் சரிசெய்ய ஜூன் மாதத்திலிருந்தே முனைந்தார். தினமும் காலையில் ஆஃப்ஷீனையும் ஜெபசீலியையும் கோட்டில் உட்கார வைத்து, 'செட்' சொல்லி, ரிவால்வரை உயர்த்தி விசையை இழுப்பார். வெடிக்காது. ஏனென்றால் உள்ளே தோட்டா இருக்காது. தோட்டா வேண்டுமென்றால் அலுவலகத்தில் விண்ணப்பம் போட வேண்டும். அது முதல்வர் வரை போய், 'எதற்கு?' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வரும். ஆகவே சார் இருக்கிற தோட்டாக்களைப் போட்டிக்கென்று பூட்டி வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியிலேயே பயிற்சி கொடுத்தார். விசையை இழுத்தால் 'டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். அந்த டிக்குக்கு இரண்டு பேரும் பாய வேண்டும்.

செப்டம்பரில் ஆஃப்ஷீன் வேறு ஆளாகிவிட்டாள். நெடுஞ்சாலையில் லாரி ஏர்ஹாரனை அழுத்திக்கொண்டு போகும்போதும் அவள் காதுக்கு அந்த டிக் மட்டும் தனியாகக் கேட்டது. யோசிப்பது நின்றுவிட்டது. டிக் என்றால் அவள் அங்கே இருக்கமாட்டாள். காலியான கோடுதான் இருக்கும்.

"இந்தத் தடவை உறுதி" என்றார் ஜேம்ஸ் சார். அவர் எதையும் உறுதி என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். வெயிலடிக்கும்போதுகூட 'மழை வராதுன்னு நினைக்கிறேன்' என்பார்.

போட்டிக்கு முந்தின வாரம், ஆயுத பூஜை முடிந்து கல்லூரி திறந்ததும், சார் பூட்டி வைத்திருந்த தோட்டாக்களைப் போட்டுச் சோதித்துப் பார்த்தார். முதலாவது வெடித்தது. இரண்டாவது 'டிக்'. மூன்றாவதும் 'டிக்'. சார் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். சில சமயம் தோட்டா தாமதமாக வெடிக்குமாம். அதனால் உடனே திறக்கக் கூடாதாம். தாமதமாகவும் வெடிக்கவில்லை.

"ஸ்டீவைக் கூப்பிடு" என்றார்.

ஸ்டீவ் என் வகுப்பு, என் அறை. போன கோடையில் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து, எது பழுதானாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்டு மூலகாரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டான். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். விடுதிச் சாம்பாரில் உப்பு அதிகமானபோது இவன் கேட்கத் தொடங்கினான். ஐந்தாவது ஏனுக்கு வந்தபோது காரணம் தூத்துக்குடியில் இருந்தது.

ஸ்டீவ் ரிவால்வரை வாங்கிச் சிலிண்டரைத் திறந்து, தோட்டா உட்காருகிற அறைகள் எல்லாம் காலி என்பதை விரலை விட்டுப் பார்த்தான். பிறகு வெடிக்காத தோட்டா ஒன்றை எடுத்து எங்களுக்குக் காட்டினான்.

"இது விளிம்புல அடி வாங்கற தோட்டா மச்சி. பெரிய தோட்டாவுல நடுவுல அடிப்பாங்க. இதுல தீப்பத்தற மருந்து இந்த அடிப்பக்க விளிம்பைச் சுத்தி, மடிப்புக்குள்ள இருக்குது. விசைய இழுத்தா மேல இருக்கற சுத்தியல் விழுந்து, அதோட பின்னு வந்து விளிம்பை நசுக்கணும். நசுங்குனாதான் பத்தும்."

"நசுங்கிருக்குதா?"

"நசுங்கிருக்குது. ஆனா மனசில்லாம நசுக்கின மாதிரி இருக்குது."

"துப்பாக்கிக்கு மனசு வேற இருக்குதா?"

"சும்மா இர்றா. ஏன் சரியா நசுங்கல? இது முதல் ஏன்."

அவன் அறைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். பார்த்ததும் முகம் மலர்ந்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தான்.

"சந்தனம்" என்றான்.

ஆயுத பூஜை அன்று மெக்கானிக்கல் பிரிவில் லேத், மில்லிங் மெஷின், துறைத் தலைவரின் லேப்டாப், ஜேம்ஸ் சாரின் ஸ்டாப்வாட்ச் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். ஸ்டோர்ஸ் சுகுணா அக்கா ரிவால்வரையும் விட்டுவைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜேம்ஸ் சார்தான் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு, கை நிறையப் பொரி வாங்கி வந்தவர்.

"தோட்டா முழுசா உள்ள போய் உக்காரல சார்" என்று ஸ்டீவ் விளக்கினான். "சந்தனம் தடுக்குது. பின்னு அடிக்கறப்ப தோட்டா முன்னாடி நகருது. அடியில பாதி நகர்றதுக்கே போயிடுது. மீதி பாதிதான் நசுக்குது."

அது நியாயமாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் அறைகளைத் தேய்த்தோம். சந்தனத்துக்கு அடியிலிருந்து போன வருடத்துப் புகைக்கரியும் வந்தது. துணியால் துடைத்து, உலர வைத்து, புதிய பெட்டியிலிருந்து தோட்டா போட்டு, ரோஜாக் குடில் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு சார் வரிசையாகச் சுட்டார். அத்தனையும் வெடித்தன. நாய்கள் ஓடின. ஸ்டீவ் கண்ணை மூடி அனுபவித்தான்.

பிறகு அவன் ஒரு அட்டையில் மீன் முள் மாதிரி படம் வரைந்து மூலகாரணத்தை எழுதினான். ஏன் வெடிக்கவில்லை? அடி பலமாக விழவில்லை. ஏன்? தோட்டா சரியாக உட்காரவில்லை. ஏன்? சந்தனம். மூன்றே ஏனில் முடிந்துவிட்டதில் அவனுக்குச் சின்ன வருத்தம் இருந்தது. தீர்வு என்ற இடத்தில் 'ஸ்டோர்ஸ் ஊழியருக்கு விழிப்புணர்வுப் பயிற்சி' என்று எழுதினான். சிப்காட்டில் பெரும்பாலும் தீர்வு அதுதானாம்.

விழிப்புணர்வு கொடுக்க நாங்கள் போனபோது சுகுணா அக்கா டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நானா காரணம்? வருசா வருசம்தான் பொட்டு வெக்கறேன். போன வருசம் வெடிச்சுதா இல்லையா?"

"வெடிச்சுதுக்கா."

"அப்ப எம் பொட்டை ஏன்டா சொல்றீங்க? போயி வேற எதாவது பாருங்க."

ஸ்டீவ் இதை 'ஊழியர் ஒத்துழைக்கவில்லை' என்று அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.

போட்டி நாளன்று ஓசூர் குளிராக இருந்தது. வானம் மூடியிருந்தது. ஜேம்ஸ் சார் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு தொடக்க அலுவலராக நின்றார். தலைமை நடுவராக வேறு கல்லூரியிலிருந்து நாராயணம்மா மேடம் வந்திருந்தார். பேரிகைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, பணியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அன்று காலை முழுக்கத் தமிழில் இருந்தார்.

தகுதிச் சுற்றுகள் நல்லபடியாக முடிந்தன. ஆண்கள் நானூறு மீட்டரில் ஒருமுறை துப்பாக்கி டிக் என்றது. சார் யோசிக்காமல் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் தோட்டாவை மாற்றி, மறுபடி தொடங்கினார். அங்கே எங்கள் கல்லூரிப் பையன் யாரும் இல்லாததால் அந்த டிக்கை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டீவ் மட்டும் முகம் சுளித்தான்.

"மிச்ச சந்தனமா இருக்கும்" என்றேன் நான்.

"மண்ணெண்ணெயில ஊற வெச்சதுடா" என்றான் அவன்.

பெண்கள் நூறு மீட்டர் இறுதி. ஆஃப்ஷீன் மூன்றாம் தடத்தில். ஜெபசீலி கடைசித் தடத்தில், ரோஜாக் குடில் ஓரமாக. நடுவில் மற்றக் கல்லூரிப் பெண்கள். நான் மைக் மேசையில் உட்கார்ந்து பெயர்களை வாசித்தேன். மைதானம் அடங்கியது.

"ஆன் யுவர் மார்க்ஸ்."

எல்லாரும் குனிந்து விரல்களைக் கோட்டில் வைத்தார்கள்.

"செட்."

இடுப்புகள் உயர்ந்தன. சார் விசையை இழுத்தார்.

டிக்.

மைக் மேசைக்கு அது கேட்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆஃப்ஷீன் ஓடிக்கொண்டிருந்தாள். கடைசித் தடத்தில் ஜெபசீலியும் ஓடிக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் இடுப்பைத் தூக்கியபடி, வெடிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆஃப்ஷீன் தன் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த தொடக்கத்தைத் தொடங்கியிருந்தாள். போட்டிதான் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. பாதித் தூரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை என்பதைக் கண்டு முதலில் சந்தோஷப்பட்டு, அப்புறம் சந்தேகப்பட்டு, அப்புறம் நின்றாள்.

திரும்பி நடந்து வந்தபோது இரண்டு தடங்களுக்கு முன்னாலும் சிவப்பு அட்டை நீட்டப்பட்டிருந்தது. துப்பாக்கிக்கு முன்னால் ஓடினால் ஒரே தவறு, அத்தோடு வெளியே. அதுதான் விதி.

ஜெபசீலி அழுதாள். ஆஃப்ஷீன் அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாராயணம்மா மேடத்தையே பார்த்தாள்.

"மேடம், சத்தம் கேட்டுச்சு."

"எந்த சத்தம்மா? துப்பாக்கி வெடிக்கவே இல்ல. வெடிக்காம ஓடினா தப்பு. அவ்ளோதான்."

"டிக்குன்னு கேட்டுச்சு மேடம்."

"டிக்குக்கு யாராச்சும் ஓடுவாங்களா? மத்தவங்க எல்லாம் இங்கயே இருக்காங்க பாரு. அவங்களுக்குக் காது இல்லையா?"

மற்ற பெண்கள் காது இருக்கிற மாதிரி தலையாட்டினார்கள்.

நானும் ஸ்டீவும் அதற்குள் கோட்டுக்கு ஓடியிருந்தோம். இணைச் செயலாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று எங்கேயோ படித்த ஞாபகம். என்ன சொல்லி ஆட்சேபிப்பது என்று மட்டும் தெரியவில்லை. ஜேம்ஸ் சார் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்து, உதட்டை அசைத்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். செபமாகவும் இருக்கலாம். பிறகு சிலிண்டரைத் திறந்து தோட்டாவை எடுத்து ஸ்டீவின் கையில் கொடுத்தார்.

ஸ்டீவ் அதைப் பார்த்தான். "அடி விழுந்திருக்குது மேடம். இங்க பாருங்க, விளிம்புல தடம் இருக்குது. அதனால சுத்தி விழுந்தது உண்மை. சத்தம் வந்தது உண்மை."

"சத்தம் வந்துச்சுன்னே வெச்சுக்கோ. வெடிச்சுதா?"

"வெடிக்கல. ஏன்னா அடி ஆழமா விழல."

"ஏன் விழல?" என்றார் மேடம்.

ஸ்டீவின் வாழ்க்கையில் இன்னொருவர் ஏன் கேட்பது அதுவே முதல் முறை. அவன் கொஞ்சம் தடுமாறிப்போனான். பிறகு சாரிடமிருந்து ரிவால்வரை வாங்கி, காலியென்று பார்த்து, டார்ச்சை அடித்தான். சந்தனம் இல்லை. கரி இல்லை. சுத்தமாக இருந்ததால்தான் அன்றைக்கு அது தெரிந்தது. ஒவ்வொரு அறையின் வாய் விளிம்பிலும், தோட்டாவின் விளிம்பு வந்து உட்காருகிற இடத்தில், இரும்பு ஒரு பள்ளமாக நசுங்கியிருந்தது. சுத்தியின் பின்னையும் பார்த்தான். உளி மாதிரி கூராக இருக்க வேண்டியது, மழுங்கி, ஓரம் மடிந்திருந்தது.

"மேடம், தோட்டா விளிம்பை நசுக்கணும்னா அதுக்கு அடியில கெட்டியா இரும்பு இருக்கணும். இங்க இரும்பு பள்ளமா போயிருக்குது. அதனால விளிம்பு பள்ளத்துக்குள்ள வளையுதே தவிர நசுங்கறதில்ல. பின்னும் மழுங்கிருச்சு."

"ஏன் பள்ளமாச்சு?"

"பின்னு நேரா இரும்பு மேல அடிச்சிருக்குது. நடுவுல தோட்டா இருந்தா அது அடிய வாங்கிக்கும். தோட்டா இல்லாம அடிச்சா இரும்பும் இரும்பும் மோதும். இந்த வகை துப்பாக்கிய காலியா இழுக்கவே கூடாது மேடம். ஒரு தடவ ரெண்டு தடவன்னா பரவால்ல. இது…" அவன் மறுபடி டார்ச் அடித்தான். "இது மாசக்கணக்குல காலியா இழுத்த துப்பாக்கி."

"யாரு இழுத்தது?"

ஸ்டீவ் சாரின் பக்கம் திரும்பினான். நானும் திரும்பினேன். ஜூனிலிருந்து தினமும் விடுதி மாடியில் பல் தேய்த்துக்கொண்டே நாங்கள் பார்த்த காட்சி அது. தினமும் பார்த்ததால் ஒருநாளும் பார்த்திருக்கவில்லை.

ஜேம்ஸ் சார் தன் சிவப்புக் கோட்டின் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார்.

"நான்தான் மேடம்" என்றார். "தோட்டா வீணாகக் கூடாதுன்னு காலியா இழுத்துத்தான் இந்தப் பொண்ணுங்களுக்கு ஸ்டார்ட் கத்துக் கொடுத்தேன். அஞ்சு மாசமா. டிக் கேட்டா ஓடணும்னு நான்தான் சொன்னேன். அது கேட்டு ஓடினாங்க. துப்பாக்கி கெட்டதும் என்னால. இவங்க ஓடினதும் என்னால."

நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனி பஸ் ஷிப்ட் ஆட்களோடு போனது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"ஸ்டார்ட்டரே இப்படிச் சொன்னா நான் என்ன பண்றது?" என்றார் மேடம். "உங்க காலேஜ் பொண்ணுங்களுக்காகச் சொல்றீங்கன்னு நாளைக்கு மத்தவங்க சொல்லுவாங்க."

இதற்கு ஆஃப்ஷீனே பதில் சொன்னாள். "மேடம், நான் மூணாவது தடம். ஜெபசீலி கடைசித் தடம். நடுவுல இத்தன பேர் இருக்காங்க. நான் அவளப் பாக்க முடியாது, அவ என்னப் பாக்க முடியாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எப்படி மேடம் கிளம்புவோம்? அவசரத்துல ஒருத்தி கிளம்பலாம். ஒரே நேரத்துல ரெண்டு பேரா?"

மேடம் மூன்றாம் தடத்தைப் பார்த்தார். கடைசித் தடத்தைப் பார்த்தார். தனக்குள் "நிஜமே" என்றார். தெலுங்கு வந்தால் வீட்டு நிலைக்கு இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

தீர்ப்பு வந்தது. விசை இழுத்த பிறகு ஓடியதால் தவறு இல்லை. பழுது துப்பாக்கியுடையது. சிவப்பு அட்டைகள் ரத்து. மறு ஓட்டம். நான் மைக்கில் அறிவித்தேன். என் குரல் தேவைக்கு மேல் சந்தோஷமாக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

"மேடம், அந்தத் துப்பாக்கி மறுபடியும் வெடிக்காம போகலாம்" என்றான் ஸ்டீவ்.

"வேற துப்பாக்கி இருக்கா?"

"கிருஷ்ணகிரியில ஒண்ணு இருக்கு."

"கிருஷ்ணகிரியில இருந்து வர்றதுக்குள்ள இவங்க எல்லாம் கல்யாணம் ஆகிப் போயிடுவாங்க. புதுத் தோட்டா போடுங்க. விதியில துப்பாக்கிச் சத்தம்னுதான் இருக்கு."

ஜேம்ஸ் சார் தோட்டாவைப் போட்டுவிட்டு ஆஃப்ஷீனிடம் வந்தார்.

"டிக் கேட்டா ஓடாத."

"ஜூன்ல இருந்து டிக் கேட்டா ஓடுன்னீங்க சார்."

"அது அப்ப."

"காலு கேக்குமா சார்?"

"கேக்கும்னு நினைக்கிறேன்" என்றார் சார்.

மறுபடி கோடு. மறுபடி விரல்கள். "செட்." நான் இந்த முறை மைக்கை விட்டுவிட்டுத் தடத்தோரமாகவே நின்றேன்.

டிக்.

ஆஃப்ஷீனின் தோள் ஒருமுறை வெட்டியது. கழுத்தில் நரம்பு எழுந்தது. விரல்கள் கோட்டை விட்டு நகரவில்லை. கடைசித் தடத்தில் ஜெபசீலி கண்ணை இறுக மூடியிருந்தாள். ஆனால் அவர்களுக்கு நடுவில் மூன்று தடங்கள் காலியாகியிருந்தன. மற்றக் கல்லூரிப் பெண்களில் மூன்று பேர் பறந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு வர நேரமானது. ஒருத்தி வந்ததும் வராததுமாக மேடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"டிக்குக்கு ஓடினா தப்பில்லன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"மைக்லயே சொன்னாங்களே. விசை இழுத்த பிறகு ஓடினா தவறு இல்லன்னு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரோஜாக் குடில்களைப் பார்த்தேன்.

நாராயணம்மா மேடம் கன்னடத்தில் சில வார்த்தைகள் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு தன் தீர்ப்புக்குத் தானே கட்டுப்பட்டு, அந்த மூன்று பேருக்கும் அட்டை காட்டாமல் விட்டார். ஜேம்ஸ் சாரின் கையிலிருந்த ரிவால்வரை, தோட்டா எடுத்தாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, ஒரு துணியில் சுற்றி மேசை மேல் வைத்தார்.

"பரீட்சை அட்டை யார்கிட்ட இருக்கு?"

பொறியியல் கல்லூரியில் கேட்கக் கூடாத கேள்வி அது. சுற்றியிருந்த நடுவர்கள், நேரம் எடுப்பவர்கள், பெயர் எழுதுபவர்கள் எல்லார் கையிலும் கிளிப் வைத்த பரீட்சை அட்டை இருந்தது. மேடம் இரண்டு அட்டைகளை வாங்கி, தாள்களை உருவி, ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். படார் என்றது. பக்கத்திலிருந்த பேராசிரியர் ஒருவர் துள்ளினார்.

"இதுதான் இப்ப துப்பாக்கி. இந்தச் சத்தத்துக்கு இங்க ஒருத்தரும் பழகல. எல்லாருக்கும் ஒண்ணுதான். இதுக்கு முன்னாடி யார் அசஞ்சாலும் வெளிய. எந்தக் காரணமும் கேக்க மாட்டேன். அர்த்தமாயிந்தா?"

அர்த்தமானது. அட்டைகளை ஜேம்ஸ் சாரிடம் கொடுத்தார். சார் சிவப்புக் கோட்டோடு, தலைக்கு மேலே இரண்டு பரீட்சை அட்டைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆஃப்ஷீனின் முகத்தைப் பார்த்தால் சிரிக்க வரவில்லை.

"செட்."

படார்.

ஆஃப்ஷீன் யோசித்தாள். கண்ணெதிரே பார்த்தேன். ஜூனுக்கு முன்னால் இருந்த அதே ஆஃப்ஷீன். இது அட்டைதானா, நிஜச் சத்தம்தானா, ஓடலாமா என்று மனதுக்குள் ஒருமுறை உறுதி செய்துகொண்டாள். அதற்குள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். ஜெபசீலிகூட அவளுக்கு முன்னால் இருந்தாள். ஸ்டீவ் என் தோளைப் பிடித்தான், இறுக்கமாக.

பிறகு அவள் ஓடினாள். பாதித் தூரம் வரை அவளுக்கு முன்னால் ஆறேழு முதுகுகள் இருந்தன. அதன் பிறகு ஒவ்வொரு முதுகாகக் காணாமல் போயிற்று. எப்படியென்று எனக்கு விளக்கத் தெரியாது. நான் விளையாட்டுக் குழுவின் இணைச் செயலாளர்தான். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். ஒருத்தியைக் கடந்த மாதிரி இருந்தது. இன்னொருத்தியைக் கடக்கும் முன் கோடு வந்துவிட்டது. நெஞ்சைத் தள்ளிக் குப்புற விழுந்தாள்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். கைபேசியில் எடுத்த படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். ஆஃப்ஷீன் தடத்திலேயே உட்கார்ந்து முழங்கையில் ஒட்டிய செம்மண்ணை ஊதிக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"இரண்டாவது" என்றார் நாராயணம்மா மேடம்.

"யாரு மேடம்?"

"நீதாம்மா. எந்திரி."

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. அதையும் ஒருமுறை உறுதி செய்துகொண்டுதான் எழுந்தாள். ஜெபசீலி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் ஐந்தாவது.

"ரெண்டாவது கோப்பை பெருசா இருக்குமாடி?" என்றாள் ஜெபசீலி.

"தெரியல. சோறு பொங்கற அளவுக்கு இருந்தா நல்லாருக்கும்."

ஜேம்ஸ் சார் வந்தார். கையில் இன்னும் அந்த இரண்டு அட்டைகளும் இருந்தன.

"ஸ்டார்ட் மோசம்" என்றார்.

"தெரியும் சார்."

"அஞ்சு மாசம் கெடுத்துட்டேன்."

"கெடுக்கல சார். டிக்குக்கு நான்தான் இந்த மண்டலத்துலயே ஃபர்ஸ்ட்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "பல்கலைக்கழகப் போட்டியில நல்ல துப்பாக்கிதான சார் இருக்கும்? வெடிக்குமில்ல?"

"வெடிக்கும்னு நினை… வெடிக்கும்."

"அப்ப திங்கக்கெழமையில இருந்து எதுக்குப் பழகறது?"

சார் யோசித்தார். ரிவால்வர் பெங்களூருக்கு, உரிமம் வாங்கிய கடைக்குப் போகப் போகிறது. எப்போது திரும்பும் என்று தெரியாது. தோட்டாவுக்கு விண்ணப்பம் போட்டால் முதல்வர் 'எதற்கு?' என்பார். பரீட்சை அட்டைகளைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் திரும்பக் கேட்டுவிட்டது.

"வாயால சொல்லுங்க சார்" என்றாள் ஆஃப்ஷீன். "டப்புனு. சத்தமா. நெசத் துப்பாக்கி மாதிரி."

ஸ்டீவ் தன் மீன் முள் அட்டையில் தீர்வை அடித்துத் திருத்தினான். சுகுணா அக்காவிடம் போய் மன்னிப்பும் கேட்டான். அவர் ஒரு டப்பாவை அவன் கையில் கொடுத்து மேல் தட்டில் வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை விடுதி மாடியில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தோம். பனி இன்னும் விலகாத மைதானத்தில், சின்னப் பேச்சுக்குக்கூடக் குரலை உயர்த்தாத ஜேம்ஸ் சார், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வெறுங்கையை மேலே தூக்கினார். முதல் தடவை சத்தமே வரவில்லை, வெட்கப்பட்டார். இரண்டாவது தடவை பாதி வந்தது. கோட்டில் குனிந்திருந்த ஆஃப்ஷீன் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"இன்னும் நல்லா சார். பக்கத்து ரோஜாத் தோட்டத்துக்குக் கேக்கணும்."

சார் மூச்சை இழுத்தார்.

"டப்!"

நாய்கள் ஓடின. ஆஃப்ஷீனும்.